தொழிலுக்கு மட்டுமா சுதந்திரம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனிமனித சுதந்திரத்தை முன்னிறுத்தும் தாராளவாதம் என்ற கொள்கை குறித்துத் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரை, அதன் ஒரு பாதியான சந்தைப் பொருளாதாரத்தையே பெரும்பாலும் விளக்கியிருந்தது. திருப்பூர், ஈரோடு, கோவை வட்டாரத்தில் அந்தப் பாதிக்கு ஆதரவாளர்கள் ஏராளம். அரசு குறுக்கே வராமல் இருந்தாலே போதும், தொழிலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லாத பனியன் கம்பெனி முதலாளியைக் காண்பது அரிது. (மின்கட்டணச் சலுகை கேட்கும்போது மட்டும் அரசு அருகிலேயே இருக்க வேண்டும் என்பது வேறு கதை.)

சொந்த வாழ்விலும் சுதந்திரம் என்ற மறுபாதிதான் இங்கே கசக்கிறது. உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காப்பதற்காகவே மக்கள் தம் இசைவால் அரசை அமைக்கிறார்கள் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக் வாதிட்டார். பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்கன்றி, வயதுவந்த ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுப்படுத்தக் கூடாது என்று 1859இல் வரையறுத்த மற்றொரு ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில், அத்தகைய அடக்குமுறை அரசிடமிருந்து வருவதைப் போலவே சமூகத்தின் பொதுக்கருத்திலிருந்தும் வரும் என்று எச்சரித்தார். கொங்கு நாட்டில் இந்த இரண்டாவதற்கே வலிமை அதிகம்.

காதல் திருமணத்துக்குப் பெற்றோர் சம்மதத்தைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கை இப்பகுதியில் அவ்வப்போது எழுகிறது. பெற்றவர்களின் மனவருத்தம் பொய்யன்று. ஆனால் வருத்தம் வேறு, மில் குறிப்பிட்ட தீங்கு வேறு. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, சாதி மாறி மணந்த இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டாரே, அது தீங்கு. வயதுவந்த இருவர் மணம் புரியக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே தீர்ப்பளித்துள்ளது.

இருந்தும், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, மணக்க விரும்புவோரின் விவரங்கள் திருமணப் பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்குமாறு ஒட்டப்பட்டு, ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் தரப்படுகிறது. எதிர்க்கும் உறவினர்கள் தேடி வந்து மிரட்டுவதற்கு அந்த அவகாசம் தாராளம். மணமக்கள் எழுத்துமூலம் கேட்டாலொழிய அந்த அறிவிப்பை வெளியிட வேண்டியதில்லை என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது. மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் திருமணம் இருப்பதால், தமிழ்நாடு சட்டமன்றமே இந்த அறிவிப்பு விதிக்குத் திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற இயலும். வரி குறைப்புக்கும் லைசென்ஸ் தளர்வுக்கும் ஆண்டுதோறும் மனு எழுதும் நம் தொழில் அமைப்புகள், இதற்கும் ஒரு மனு அளிக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பல்லடம்.