பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்

இணுவில்.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின காசு இந்த மாதமும் வங்கிக்கு வந்து சேர்ந்தது. அப்பா புத்தகத்தைப் பதிந்துகொண்டு வந்து சாமியறையில் வைத்திருக்கிறார். எங்களுக்கு இப்போது ஒரு தேவையும் இல்லை. பெரியம்மாவின் முழங்கால் நோ முன்னைப்போலத்தான். நல்லூர்த் திருவிழாக் கொடி ஏறிவிட்டால் 25 நாளும் எங்கள் பள்ளியில் ஆளைப் பிடிக்க ஏலாது. அதற்கு முன்னம் பள்ளி அறக்கட்டளையின் அரையாண்டுக் கணக்கை முடிக்கவேணும் என்று ஓடித்திரிகிறோம்.

நீ அங்கு கனடாவில் ஒரு கலைப் பள்ளியின் அறக்கட்டளையில் பயிலுநராகச் சேர்ந்த கதையைச் சின்ன மாமா சொல்லித்தான் அறிந்தேன். தொண்டர்களைப் பார்க்கிற பொறுப்பும் உன் தலையில்தானாம். கேட்கச் சந்தோசமாயிருந்தது. கலாவித்தகர் பட்டம் எடுத்த பிள்ளை கணக்கியலுக்குள் போய்க் கலையை ஒரேயடியாக விட்டுவிடுமோ என்று யோசித்திருந்தேன், விடவில்லை. உன் வாயால் வந்திருந்தால் இன்னும் சந்தோசப்பட்டிருப்பேன். போனில் கேட்டால் எல்லாம் சுகம் அம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஆற அமர இருந்து வாசி. சாப்பிட்டுவிட்டு வாசி.

முதலில் தொண்டரையும் பயிலுநரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. தொண்டர் தன் நேரத்தைத் தர வருகிறவர். பயிலுநர் தொழில் பழக வருகிறவர். தொண்டர் ஒரு சனிக்கிழமை வராவிட்டால் ஏன் என்று கேட்க உனக்கு உரிமை இல்லை. ஆகவே அவர் வராவிட்டால் நின்றுபோகிற வேலையை அவரிடம் தனியாகக் கொடுக்கக்கூடாது, எந்த வேலைக்கும் இரண்டு பேரைப் பழக்கிவை. பயிலுநருக்கு அப்படியில்லை. தொடங்குகிற நாள், முடிகிற நாள், யாரிடம் கேட்பது, முடிவில் கையில் என்ன கொண்டுபோவது, இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கவேணும். பதிவேட்டைத் திருத்தி முடித்தேன், ஒரு நிதி விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து எழுதினேன் என்று நாளைக்கு இன்னொரு இடத்தில் போய்ச் சொல்லக்கூடிய முழு வேலை ஒன்று அந்தப் பிள்ளைக்கு வேணும். அது இல்லாவிட்டால் மூன்றாம் கிழமையே கதிரை அடுக்கிற, போட்டோக்கொப்பி எடுக்கிற ஆளாகிவிடும். கிழமைக்கு ஒரு மணித்தியாலமாவது பொறுப்பாளர் பக்கத்தில் இருந்து, செய்ததைப் பார்த்து, எது சரி எது பிழை என்று சொல்லவேணும். உனக்கு அங்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா?

அந்த ஒரு பக்கத்தில் கட்டாயம் வரவேண்டியவை இன்னும் இரண்டு இருக்கின்றன, பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும். இங்கு வருகிறவர்களில் கனபேர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிற பிள்ளைகள். மருதனார்மடத்தில் இசையும் நடனமும் படிக்கிறவர்களும் வருவார்கள். பருத்தித்துறைப் பக்கமிருந்து வருகிற பிள்ளை யாழ்ப்பாணம் வந்து இன்னொரு பஸ் எடுக்கவேணும். காசு தரவா என்று கேட்டால் வேண்டாம் ரீச்சர் என்றுதான் சொல்லும். கேட்கவே கூடாது. வந்த அன்றே கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடவேணும், வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு விட்டால் வாங்குகிற பிள்ளை கூசிப்போகும். சில்லறைச் செலவுக் கொப்பியில் அதற்கென்று தனி நிரல் வை, கணக்காய்வாளர் கேட்பது அந்தக் கையொப்பத்தைத்தான். பிள்ளைகள் இடையில் நின்றுவிட்டால் ஆர்வம் இல்லை என்று கூட்டத்தில் சொல்லுவார்கள். நான் முதலில் அந்த நிரலைத்தான் திறந்து பார்ப்பேன்.

நன்கொடையாளர் பதிவேடு உன் கைக்கு வந்திருக்கும், கணக்கியல் படித்தவள் என்று தந்திருப்பார்கள். அதில் எங்கள் ஆட்களின் பெயர்தான் பெரிய தலையிடி. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரைத்தான் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் போடுகிறோம். கடவுச்சீட்டில் ஒரு விதமாக விழுந்திருக்கும், காசோலையில் முதலெழுத்தோடு வேறு விதம், மனைவி அனுப்பினால் அவவின் தகப்பன் பெயரோடு இன்னொரு விதம். விசயம் தெரியாத பிள்ளை மூன்றையும் மூன்று ஆளாக ஏற்றிவிடும், ஒரே வீட்டுக்கு மூன்று கடிதம் போகும். அதைவிடப் பிழையானது, கடைசிப் பெயருக்கு முன்னால் திரு போட்டு நன்றிக் கடிதம் அடிப்பது. தகப்பனின் நினைவுநாளுக்குக் கொடுத்த காசென்று வை. செத்துப்போன மனிசனின் பெயருக்கே நன்றி போய் நிற்கும். அந்த வீட்டிலிருந்து அடுத்த வருசம் ஒரு சதம் வராது, வராமல் விட்டதற்கு அவர்களில் குற்றமும் இல்லை.

ஆகவே முதற்பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு கட்டத்தை மட்டும் நம்பாதே. அவரை எப்படி அழைப்பது என்று ஒரு நிரல், பற்றுச்சீட்டில் வரவேண்டிய சட்டப் பெயர் ஒரு நிரல், தமிழில் எழுதுகிற பெயர் ஒரு நிரல், ஒரே வீட்டாருக்கு ஒரே இலக்கம் என்று ஒரு நிரல். ஊருக்கும் ஒன்று வை. புங்குடுதீவார், அளவெட்டியார் என்று தெரிந்தால்தான் யாரைக்கொண்டு யாரிடம் கேட்பது என்று விளங்கும். புதுப் பெயர் ஏற்ற முன்னம் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் தேடிப் பார்க்கவேணும். பெயரைத் தேடினால் அகப்படாது, ஞானம் என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஜி’யில் தொடங்குவார், இன்னொருவர் ‘என்’னில் தொடங்குவார். இரண்டு பதிவை ஒன்றாக்குகிற வேலையைத் தொண்டரிடம் விடாதே. சந்தேகமானதற்கு அவர்கள் அடையாளம் போடட்டும், கிழமை முடிவில் நீ இருந்து பார். ஒன்றாக்கினதைத் திரும்பப் பிரிப்பது பெரிய பாடு, தொடங்க முன்னம் முழுவதையும் ஒரு பிரதி எடுத்துத் திகதி போட்டு வை.

பற்றுச்சீட்டு விசயம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, என்றாலும் சொல்கிறேன். தொண்டர் செலவழித்த நேரத்துக்குக் கனடாவில் வரிப் பற்றுச்சீட்டு எழுத ஏலாது, எவ்வளவு நெருங்கின ஆள் கேட்டாலும் எழுதாதே. இராப்போசன ரிக்கற் 150 டொலர், சாப்பாடும் நிகழ்ச்சியும் 90 டொலர் பெறுமதி என்றால் 60 டொலருக்குத்தான் எழுதலாம். அதிர்ஷ்டச் சீட்டு விற்கிறதென்றால் முன்கூட்டியே உரிமம் எடுக்கவேணும். வாசலில் சேருகிற காசை ஒருவர் தனிய எண்ணக்கூடாது. இரண்டு பேர் எண்ணி, உறையில் தொகையை எழுதி, இருவரும் ஒப்பமிட்டு ஒட்டவேணும். அந்த இருவரும் ஒரே வீட்டு ஆட்களாக இருக்கவும் கூடாது.

உயர்பள்ளிப் பிள்ளைகள் 40 மணித்தியாலச் சமூக சேவை காட்டினால்தான் அங்கு சான்றிதழாம். வருச முடிவில் கடைசி நேரத்தில் ஓடிவருவார்கள், தாய் தகப்பன் பக்கத்தில் நின்று கூட்டி எழுதச் சொல்லுவார்கள். வந்த நேரம், போன நேரத்தை அன்றன்று பதிந்து, பதிந்ததை மட்டும் ஒப்பமிடு. சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் நிற்கிற வளர்ந்தவர்களுக்குப் பொலிஸ் சோதனை அத்தாட்சி இருக்கிறதா என்று முதலே பார். நல்ல குடும்பத்து ஆள் என்பது அத்தாட்சி இல்லை.

வாத்தியங்களைத் தூக்குகிற நாளில் நீ பக்கத்தில் நில். வீணையை யாளி முகத்தில் பிடித்துத் தூக்கக்கூடாது, சுரைக்காயிலும் பிடிக்கக்கூடாது. ஒரு கை குடத்தின் கீழும் மற்றக் கை நீண்ட தண்டியின் கீழும் போகவேணும். சுரம் பிடிக்கிற 24 மெட்டும் மெழுகில்தான் நிற்கின்றன, வெயிலில் நின்ற காருக்குள் வைத்தால் மெழுகு இளகி மெட்டு இடம் மாறிவிடும். அங்கு குளிருக்கு மறுவளம். வெளியிலிருந்து கொண்டுவந்த கையோடு பெட்டியைத் திறந்தால் பலா மரம் வெடிக்கும், மூடினபடி சில மணித்தியாலம் அறைக்குள் கிடக்கட்டும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் அப்பின ரவையை நிகழ்ச்சி முடிந்த உடனே வழித்துத் துடைக்கவேணும். காயவிட்டால் தோல் கெட்டுப்போகும், பூச்சியும் பிடிக்கும். கச்சேரிக் களைப்பில் வாசித்த பிள்ளை மறந்துபோகும், தூக்க வந்த தொண்டருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே அந்த வேலைக்கென்று ஒருவரின் பெயரை எழுதி அறைக் கதவில் ஒட்டிவிடு.

இவ்வளவும் நீ செய்வாய். சின்ன வயதிலேயே பொறுப்பான பிள்ளை, உன்னிடம் ஒன்றைத் தந்தால் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. அதுதான் யோசனையாயும் இருக்கிறது. செய்கிற ஆளின் தலையில்தான் எல்லாம் வந்து விழும். அறக்கட்டளை என்றால் காசு எப்போதும் இல்லைத்தான். பிள்ளைகளின் படிப்புக்கு வந்த காசைச் சம்பளத்துக்கு எடுக்கலாமா என்று ஒரு நியாயம் சொல்லுவார்கள். எடுக்கலாம். விண்ணப்பம் எழுதும்போதே நிர்வாகச் செலவு என்று ஒரு வரி போட்டுக் கேட்கவேணும், கேட்டால் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கேட்க வெட்கப்பட்டுவிட்டு அந்தப் பாரத்தைப் பயிலுநரின் முதுகில் ஏற்றுவது தருமமில்லை. இங்கு ஒருவருக்கு மாதச் சம்பளம் என்று கொடுத்தால் அதன்மேல் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் நிறுவனம் கட்டவேணும். அதற்குப் பயந்து வேலையாளைத் தொண்டர் என்று எழுதிவைக்கிற இடங்களும் உண்டு. வடக்கில் தொண்டர் ஆசிரியர் என்று எத்தனை பிள்ளைகள் நிரந்தர நியமனம் வரும் வரும் என்று வருசக்கணக்காய்க் காத்திருந்தார்கள். சின்னம்மாவின் கதை உனக்குத் தெரியும். அவ அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வரமாட்டா. எங்கிருந்து வாங்கினா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்ராறியோச் சட்டத்தை அண்ணா வாசித்துச் சொன்னான். உயர்பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகப் படிப்பின் ஒரு பகுதியாக வருகிற பயிற்சிக்குத்தான் சம்பளம் இல்லாமல் விடலாமாம். மற்றப்படி பயிலுநர் என்று பெயர் வைத்தாலும், செய்கிறது வேலை என்றால் குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தே ஆகவேணுமாம். நீ படிப்பு முடித்துப் போன வருசம்தானே பட்டம் வாங்கினாய். நான் ஒன்றும் கேட்கவில்லை, சட்டத்தைச் சொன்னேன்.

சின்ன மாமி உன்னை இரவு 11 மணிக்குப் பஸ் தரிப்பிடத்தில் கண்டவவாம், கையில் வேறு ஏதோ கடையின் உடுப்பு இருந்ததாம். குளிருக்குள் அந்த நேரம் நிற்காதே. மத்தியானம் சாப்பிடு. அறக்கட்டளையில் சாப்பாடு தருகிறார்கள் என்றால் அதை எடு, தொண்டர்களுக்கு விட்டுவிட்டு நீ தேத்தண்ணியோடு நிற்காதே. அடுத்த மாதம் எங்களுக்குக் காசு அனுப்பவேண்டாம். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார், உனக்குச் சொல்லச் சொல்லித்தான் சொன்னார்.

இன்னொன்று. எங்கள் பயிலுநர்களுக்குக் கொடுக்கிற அந்த ஒரு பக்கக் கடிதத்தைத் திருத்தி எழுதுவதென்று குழுவில் தீர்மானித்திருக்கிறோம். மாதிரிக்கு உனக்குத் தந்த கடிதத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. எல்லாப் பக்கமும் வேணும். கொடுப்பனவு என்று வருகிற இடத்தை மறைக்காமல் அனுப்பு, எங்களுக்கு எழுத வராமல் நிற்பது அந்த இடம்தான். புதன்கிழமைக் கூட்டத்துக்கு முன்னம் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
அம்மா