சக்கரம் கழன்ற வண்டியைக் கண்ணால் அளக்காதீர்கள்: சர்வீஸ் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வீஸ் நிலையப் பொறுப்பாளர்களுக்கும், அவர்களுக்கு வேலைமுறை வகுத்துத் தரும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

ஓடிக்கொண்டிருந்த என் காரின் முன் இடது சக்கரம் ஒரு திருப்பத்தில் பிடுங்கிக்கொண்ட விவகாரம் உங்களுக்குப் புதிதல்ல. படங்கள், மதிப்பீட்டாளர் அறிக்கை, ஜாப் கார்டு எல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. குற்றம் யாருடையது என்று மறுபடி வழக்காட இதை எழுதவில்லை. அப்படிப்பட்ட வண்டியின் முன்பக்கத்தைத் திரும்பக் கட்டும்போது உங்கள் பட்டறையில் நடக்கும் வேலைமுறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: கண்ணால் பார்த்து முடிவு கட்டாமல் அளந்து பாருங்கள், அளந்ததை எழுதி வண்டிக்காரர் கையில் கொடுங்கள்.

சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் அதன் கீழே இருக்கும் லோயர் ஆர்மையும் இணைக்கும் உருண்டை மூட்டான கீழ் பால் ஜாயிண்ட், தன் குழியைவிட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நக்கிளின் அடிப்பக்கத்துக்குப் பிடிமானம் போய்விடும். சக்கரம் சாய்ந்து ஃபெண்டருக்குள் குத்தும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸிலிருந்து உருவிக்கொண்டு வரும், எண்ணெய் கொட்டும், பிரேக் ஹோஸ் இழுபட்டு அறுந்துபோகும். என் வண்டியில் இத்தனையும் நடந்தது. மிதித்த பிரேக் பெடல் பெரும்பகுதி உள்ளே போய்விட்டது. பிரேக்கை இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்து வைத்திருந்ததால் மற்றச் சுற்று பிடித்து வண்டி நின்றது. பின்சீட்டில் என் அம்மா உட்கார்ந்திருந்தார்.

அந்த வண்டிதான் உங்கள் லிஃப்டில் ஏறியது. லோயர் ஆர்ம், டிரைவ் ஷாஃப்ட், ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் வயர், ஃபெண்டர் ஆகியவற்றை மாற்றச் சொல்லி எஸ்டிமேட் போட்டீர்கள். எல்லாமே கண்ணுக்குத் தெரிந்து உடைந்தவை. நக்கிள், அதற்கு மேலே அதிர்வு தாங்கும் ஸ்ட்ரட், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக், ஆர்ம்கள் பொருந்தும் குறுக்குச் சட்டமான க்ராஸ் மெம்பர் ஆகிய நான்குக்கும் நேரே 'நன்றாக உள்ளது' என்று எழுதியிருந்தது. எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்டேன். "பார்த்தாலே தெரியும் சார்" என்று பதில் வந்தது. தெரியாது என்பதுதான் என் வாதம். கனமான வார்ப்பு நக்கிள் சற்றே வளைந்திருந்தால், கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சக்கரம் நிற்கும் கோணத்தில்தான் அது வெளிப்படும்.

வண்டி திரும்பி வந்தது. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருந்தது. விட்டால் இடப்பக்கம் இழுத்தது. திரும்பக் கொண்டு வந்தபோது அலைன்மென்ட் சரியாக இருப்பதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினீர்கள். அதில் டோ அளவு, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, மட்டும்தான் இருந்தது. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்), காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) கட்டங்கள் காலி.

ராக்கையும் நக்கிளையும் இணைக்கும் டை ராடைத் திருகியே டோவைச் சரிக்கட்டிவிடலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நக்கிள் வளைந்திருந்தாலும் டை ராடை இழுத்து வைத்தால் அளவு வரம்புக்குள் வந்துவிடும். நான் பிறகு போன பட்டறையில், மெக்கானிக் வண்டியைத் தூக்கியவுடன் முதலில் காட்டியது டை ராடுகளைத்தான். இடப்பக்க ராடில் லாக் நட்டுக்கு வெளியே தெரிந்த மரை, வலப்பக்கத்தைவிட வெகுவாக நீண்டிருந்தது. மறைக்க வேண்டிய கோணலை அங்கே மறைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு இரண்டு பக்கமும் கேம்பரையும், முன்னாலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு உள்நோக்கிச் சாயும் கோணமான ஸ்டீயரிங் அச்சின் சாய்வையும் அளந்தார். சாய்வு இரு பக்கமும் ஒத்துப்போனது. கேம்பர் இடப்பக்கம் மட்டும் விலகியிருந்தது. அப்படியென்றால் ஸ்ட்ரட் மேலே பொருந்தும் இடமும் க்ராஸ் மெம்பரும் நகரவில்லை, வளைந்தது நக்கிளோ ஸ்ட்ரட்டோதான். புது ஸ்ட்ரட்டை மாட்டிப் பார்த்தும் கேம்பர் மாறவில்லை. நக்கிளை மாற்றியதும் வரம்புக்குள் வந்தது. இதே அளவையை நீங்களும் எடுத்திருக்கலாம். அதற்கான இயந்திரம் உங்கள் பட்டறையில்தான் நிற்கிறது.

எனக்கு அதைவிட வலித்தது இன்னொன்று. நக்கிளுக்காகக் கழற்றியபோது, நீங்கள் மாட்டிய புத்தம் புது லோயர் ஆர்மை வண்டியோடு பிடிக்கும் ரப்பர் உருளையான பின் புஷ் கிழிந்திருந்தது. அந்த ஆர்ம் அதிக தூரம் ஓடவே இல்லை. மெக்கானிக் விரலால் அழுத்திக் காட்டினார்: ரப்பர் உள் குழாயைவிட்டு ஒரு பக்கமாகப் பிய்ந்து வாய் பிளந்து நின்றது. சக்கரம் தொங்கும் நிலையில் ஆர்ம் போல்ட்டை இறுக்கினால் இப்படித்தான் ஆகும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலேறும், இறுகிப்போன புஷ்ஷின் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே கிடக்கும். போல்ட்டைக் கையால் மட்டும் மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முழு இறுக்கம் கொடுக்க வேண்டும். உங்கள் சர்வீஸ் கையேடுகள் சொல்லும் முறையும் இதுதான். லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் சில நிமிடங்கள் மிச்சமாகும். அந்த நிமிடங்களுக்காக ஒரு முழு ஆர்ம் வீணானது.

முழு ஆர்ம் என்றதும் வேறொரு கோபமும் சேர்ந்துகொள்கிறது. பால் ஜாயிண்ட்டைத் தனியாக விற்காமல், ஆர்மோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று நிறுவனத்தார் வைத்திருப்பது யாருக்கு நல்லது? ஒரு சின்ன ஜாயிண்ட்டில் லேசான ஆட்டம் இருக்கும்போதே மாற்ற நினைப்பவர், முழு ஆர்மின் விலையைக் கேட்டதும் தள்ளிப்போடுகிறார். எந்த நட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்ற பட்டியலை வெளிப் பட்டறைக்காரர் கேட்டால் தருவதில்லை. வண்டியின் சொந்தக்காரருக்கும் தருவதில்லை. சக்கரத்தைத் தாங்கும் நட்டின் இறுக்கத்தில் என்ன வணிக ரகசியம்?

சர்வீஸ் தாளில் 'முன் சஸ்பென்ஷன்' என்ற கட்டத்தில் விழும் டிக்கையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சக்கரம் பிடுங்கிக்கொள்வதற்கு முந்தைய சர்வீஸிலும் அந்த டிக் இருந்தது. என் வண்டி போன்ற ஸ்ட்ரட் வண்டிகளில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆட்டம் தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, மறுபடி அசைக்க வேண்டும். ஆட்டம் நின்றால் பெரும்பாலும் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். என் வண்டி அன்று லிஃப்டில் ஏறவே இல்லை என்பதைக் காத்திருப்போர் அறையின் கண்ணாடி வழியாக நானே பார்த்தேன்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெக்கானிக்குகள் மீது எனக்குப் பகை இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்து அவர்களை விரட்டும் முறையில்தான் கோளாறு.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். ஓடும்போது சக்கரம் கழன்ற எந்த வண்டியாக இருந்தாலும், உடைந்ததை மாற்றிய பிறகு கேம்பர், காஸ்டர், டோ, ஸ்டீயரிங் அச்சின் சாய்வு நான்கையும் இரு பக்கமும் அளந்து, அந்தத் தாளைச் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். நக்கிளையோ ராக்கையோ மாற்றத் தேவையில்லை என்று முடிவு செய்தால், எந்த அளவை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஆர்ம் போல்ட்டுகளை வண்டி எடையில் நிற்கும்போது இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கியதாக, செய்தவர் கையெழுத்துப் போடட்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைத் திரும்ப அழைத்துச் சக்கர நட்டுகளின் இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

இதை விதியாக்குவது நிறுவனத்தார் கையில் இருக்கிறது. விதி வரும்வரை காத்திராமல் இன்றே தொடங்குவது சர்வீஸ் பொறுப்பாளர்களாகிய உங்கள் கையில் இருக்கிறது. என் வண்டியின் கழற்றிய நக்கிளையும் கிழிந்த புஷ்ஷையும் இரண்டு அலைன்மென்ட் தாள்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பினால் சொல்லுங்கள், நானே கொண்டு வந்து காட்டுகிறேன். எழுத்துமூலம் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்