மூன்று ஆட்சியர்களுக்கு ஒரு மடல்: எங்கள் புகாரை யார் வாங்குவார்கள்?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு வணக்கம்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதக் காரணம் இருக்கிறது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நிர்வாகத்துக்கு அது வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பேரணாம்பட்டில் குடியிருந்துகொண்டு ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண், காலையில் வேலூர் மாவட்டத்தில் பஸ் ஏறி திருப்பத்தூர் மாவட்டத்தில் இறங்குகிறாள். வேலூரிலிருந்து ராணிப்பேட்டை பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஒருவன் கையை வைத்தால் அவள் எந்த மாவட்டத்துக் கதவைத் தட்ட வேண்டும்?

கேட்பது ஒரு சின்னப் பெண்கள் சங்கம். பெயர் போடவில்லை. போட்டால் அடுத்த வாரமே எங்களில் பாதிப் பேருக்குத் தைக்க ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) மூட்டை வராது. கம்பெனியில் லைனில் நிற்கிறவர்கள், ஏஜென்ட் கொண்டுவந்து போடுகிற ஷூ அப்பரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் தைக்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், தோல் பதனிடுகிற ஷாப்பில் கூலிக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம். விதவை பென்ஷன், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, குடித்துவிட்டு அடிக்கிற புருஷன் என்று எல்லாவற்றையும் சத்தமாகவே பேசுவோம். வேலை இடத்தில் நடக்கிற பாலியல் தொல்லை என்கிற இந்த ஒரு விஷயம் மட்டும் கூட்டம் கலைந்த பிறகு, செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான் வெளியே வரும்.

அதைத் தடுக்கிற சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் முதலாளி உள்ளகப் புகார் குழு போட வேண்டும். ஆட்கள் அதற்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மேல்தான் என்றாலோ, மாவட்டத்தில் இருக்கிற உள்ளூர் புகார் குழு விசாரிக்க வேண்டும். கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வீட்டையும் பணியிடமாகச் சேர்த்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு எங்கள் திண்ணை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். ஒன்றியம், தாலுகா, நகராட்சி அளவில் புகாரை வாங்குவதற்கென்று ஒரு அதிகாரி இருக்க வேண்டும், அவர் 7 நாளுக்குள் அதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், 2025 ஜனவரி முடிவதற்குள் எல்லா மாவட்டத்திலும் குழு இருக்க வேண்டும் என்று கெடு வைத்தது.

சரி, மூன்று மாவட்டத்திலும் குழு இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறோம். எங்களில் ஒருவருக்கும் அதன் விலாசம் தெரியாது.

எங்கள் சங்கத்தில் ஒரு அக்கா, அப்பர் தைப்பவர். ஜோடி எண்ணிக்கை பார்க்க வருகிற ஏஜென்ட், மத்தியானம் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வர ஆரம்பித்தான். அவர் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனார். வாசலில் இருந்தவர் "போலீஸ் ஸ்டேஷன் போம்மா" என்றார். உள்ளே ஒருவர், "அது சமூக நலத்துறை, மாடிக்குப் போங்க" என்றார். மாடியில், "அப்பர் குடுக்கிற கம்பெனி அந்த மாவட்டத்துலதானே இருக்கு, அங்க போய்க் குடுங்க" என்றார்கள். கடைசியில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனுவாகக் கொடுக்கலாம் என்று வெளியே மனு எழுதித் தருபவரிடம் உட்கார்ந்தார். அவர் நல்ல மனுஷன்தான், எல்லாருக்கும் செய்வதுபோல எழுதி முடித்துச் சத்தமாக வாசித்துக் காட்டினார், பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் வந்தவர்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தத் தாளை மடித்து முந்தானையில் செருகிக்கொண்டு வரிசையில் நிற்காமலே ஊர் திரும்பிவிட்டார்.

புகார் கொடுத்தவர் யார் என்பது வெளியே தெரியக் கூடாது என்கிறது சட்டம். எழுத முடியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. இன்னொன்றையும் சொல்கிறது: நடந்த 3 மாதத்துக்குள் புகார் வர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் கூட்டித் தரலாம். இங்கே போ அங்கே போ என்று அலைய விடுகிற நாளெல்லாம் அந்தக் கெடுவில்தான் கழிகிறது. இதற்கு நடுவில் ஏஜென்ட் பக்கத்து ஆட்கள் "ஏதாவது வாங்கிக்கிட்டு முடிச்சுக்கோம்மா" என்று வருவார்கள். பணம் கொடுத்துச் சமாதானம் செய்வதற்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை, ஆனால் அதை எடுத்துச் சொல்ல அதிகாரத்தில் ஒருவர் வேண்டுமே, நாங்கள் சொன்னால் யார் கேட்பார்கள்?

பெரிய கம்பெனிகளில் குழு இருக்கிறது என்பார்கள். சில இடங்களில் போர்டும் இருக்கிறது, லைனில் நிற்கிறவர்கள் கால் வைக்காத ஆபீஸ் ரூமுக்குள். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் எங்களுக்குப் பாடம் நடத்துவார்கள், "குழு இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லுங்க" என்று.

நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. குழுத் தலைவர் பெயர், தாலுகாவில் புகார் வாங்குகிற அதிகாரி பெயர், போன் நம்பர் போட்ட போர்டு வேண்டும். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், கம்பெனி பஸ் நிற்கிற இடம், பஸ் ஸ்டாண்ட் பெண்கள் கழிப்பறையின் உள்பக்கம் (அங்கேதான் யாரும் பார்க்காமல் நம்பரைக் குறித்துக்கொள்ள முடியும்) வையுங்கள். தமிழோடு உருதுவிலும் எழுதுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருது மட்டுமே படிக்கத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாததில்லை.

அப்புறம் எல்லைப் பிரச்சினை. மூன்று பேரும் ஒரு முறை பேசி, எந்த மாவட்டத்தில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளப்படும், உரிய இடத்துக்கு அனுப்புவது ஆபீஸ் வேலை என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குத் தபால் போகும், அதற்காக ஒரு பெண் கூலியை விட்டுவிட்டு ஆம்பூருக்கும், வேலூர் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சத்துவாச்சாரிக்கும் அலைய வேண்டியதில்லை.

மாவட்டத்து உள்ளூர் புகார் குழுவில், தாலுகாவிலோ ஒன்றியத்திலோ வேலை செய்கிற பெண் ஒருவருக்கு இடம் உண்டு. தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைப் பெண் ஒருவரும் இருக்க வேண்டும். அந்த இடங்களை மகளிர் தின மேடைக்கு மேடை பொன்னாடை வாங்குகிற அதே அம்மாக்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள்மேல் கோபம் இல்லை, ஆனால் பஸ்ஸில் இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புகிறவள் அவர்கள் வீட்டு காலிங் பெல்லை அடிக்க மாட்டாள்.

இதைப் பற்றிப் பேச எங்களைக் கூப்பிட்டால் வருகிறோம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலை நாளில் வைத்தால் கூலி போகும், அதுகூடப் பரவாயில்லை, எங்கே போனாய் என்று கம்பெனியில் கேட்பார்கள்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டு பக்கத்துப் பெண்கள் சங்கத்துக்காக, மனு எழுதுகிற வேலையை ஒப்படைக்கப்பட்ட ஒருத்தி