தட்டை விடுங்கள், ஆலையைப் பாருங்கள்

உணவு ஒழுங்குமுறை விதிகளை வரையும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். "நான் எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல அரசு யார்?" புதிய விதி எது வந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. கம்பெனிகள் கிளப்பிவிடும் கூச்சல் என்று நீங்கள் ஒதுக்கிவிடுகிறீர்கள். உணவுப் பொருள்களின் கலவையையும் லேபிளையும் அன்றாடம் அலசுகிற எங்களுக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. ஒரு விதி யார் கையைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

டிரான்ஸ் கொழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். திரவ எண்ணெயை அரைகுறையாக ஹைட்ரஜனேற்றம் செய்யும்போது (அதாவது எண்ணெயோடு ஹைட்ரஜன் வாயுவைச் சேர்க்கும்போது) அது உருவாகிறது. எண்ணெய் கெட்டியாகும், சீக்கிரம் சிக்குவாடை அடிக்காது. லாபம் தயாரிப்பவருக்கு, மாரடைப்பு அபாயம் சாப்பிடுபவருக்கு. இதை விரும்பிக் கேட்டு வாங்கியவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. அதனால்தான் 2003இல் டென்மார்க் 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் ஆலை டிரான்ஸ் கொழுப்பு கூடாது என்று சட்டம் போட்டபோது யாருடைய தேர்வும் பறிபோகவில்லை. வரம்பை மொத்தக் கொழுப்பின் மேல் வைத்ததுதான் அதன் பலம். அமெரிக்க லேபிள் விதியில் ஒரு பரிமாறலுக்கு (ஒருவர் ஒரு தடவை சாப்பிடுவதாக லேபிள் குறிக்கும் அளவுக்கு) 0.5 கிராமுக்குக் குறைந்தால் '0' என்றே போடலாம். பரிமாறல் அளவைச் சிறிதாகக் காட்டினால் போதும், இருக்கிற கொழுப்பு காகிதத்தில் காணாமல் போய்விடும்.

இந்தப் பரிமாறல் அளவுதான் உங்கள் விதிகளில் பெரிய ஓட்டை. 90 கிராம் பாக்கெட் ஒன்று, பின்புறம் பொடி எழுத்தில் "ஒரு பரிமாறல் 30 கிராம், சோடியம் 240 மி.கி." என்றிருக்கிறது. பிரித்தவர் முழுதையும் சாப்பிட்டுவிடுவார். உள்ளே போவது 720 மி.கி. சோடியம். அதை 2.5ஆல் பெருக்கினால் 1.8 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் கீழே. அதில் மூன்றிலொரு பங்கு ஒரே பாக்கெட்டில் தீர்ந்தது. இந்தக் கணக்கைக் கடையில் நின்று யார் போடுவார்கள்? சிலி 2016இல் கொண்டுவந்த கறுப்பு எண்கோண முத்திரை பாக்கெட்டின் முகப்பிலேயே இருக்கும், வரம்பும் 100 கிராமுக்கோ 100 மில்லிக்கோதான். அதைப் பார்த்த பிறகும் ஒருவர் வாங்கினால் அது அவர் பாடு. அதற்கு மேல் அவரிடம் உங்களுக்கு வேலை இல்லை.

சர்க்கரை பானத்துக்கு வரி போடுவதானால் படிகளாகப் போடுங்கள். மெக்சிகோ 2014இல் லிட்டருக்கு ஒரு பெசோ என்று தட்டையாகப் போட்டது. விலை ஏறியது, விற்பனை இறங்கியது; ஆனால் சர்க்கரையைக் குறைத்தாலும் வரி குறையாது என்பதால் கலவையை மாற்ற ஆலைக்குக் காரணம் இல்லை. பிரிட்டன் 2016இல் அறிவித்து 2018இல் நடைமுறைப்படுத்திய வரியில் 100 மில்லிக்கு 5 கிராம், 8 கிராம் என இரண்டு படிகள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பல கம்பெனிகள் வரி தொடங்கும் 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டன. அந்த இடத்துக்குச் செயற்கை இனிப்பூட்டிகள் வந்தன என்பதையும் மறைக்க வேண்டாம். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவருக்கு ஆஸ்பர்டேம் என்ற இனிப்பூட்டி ஆகாது. வேறு சிலருக்கு அந்தச் சுவையே பிடிக்காது. கலவை மாறினால் அந்தச் செய்தி முகப்பில் வர வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள்.

சறுக்கிய விதிகளும் உண்டு. நியூயார்க் நகரம் 2012இல் 16 அவுன்ஸுக்கு (சுமார் அரை லிட்டர்) மேற்பட்ட கோப்பைகளில் சர்க்கரை பானம் விற்கக் கூடாது என்றது. பால் அதிகமுள்ள பானங்களுக்கு விலக்கு, பல கடைகள் விதிக்கு வெளியே, இரண்டாம் கோப்பைக்கும் தடையில்லை. நகர மன்றம் முடிவெடுக்க வேண்டியதைச் சுகாதார வாரியம் செய்தது, அதனால் செல்லாது என்று 2014இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வெண்ணெய், இறைச்சி போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்புக்கு டென்மார்க் 2011இல் போட்ட வரி இன்னும் மோசம்: மக்கள் எல்லை தாண்டிப்போய் வாங்கினார்கள், கணக்கு வைப்பதே தலைவலியானது, 2013 பிறந்ததும் எடுத்துவிட்டார்கள். பூட்டான் 2004இல் புகையிலை விற்பனையையே தடை செய்து, கடத்தலோடு மல்லுக்கட்டி, 2021இல் தளர்த்தியது. பணியிடத்தில் புகைக்கத் தடை என்பது வேறு சங்கதி. பக்கத்தில் நிற்பவர் அந்தப் புகையை விரும்பி இழுப்பதில்லை.

உப்பு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ரொட்டியில் உப்பு சுவைக்கு மட்டுமல்ல, ஈஸ்ட்டின் வேகத்தையும் அதுதான் பிடித்து வைக்கிறது. திடீரென்று பாதியாக்கினால் மாவு பிசுபிசுக்கும், அளவுக்கு மீறிப் புளிக்கும், வாங்கியவரும் உப்பில்லை என்று திருப்பிக் கொடுப்பார். சில ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். பதிலுக்குப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்க அனுமதித்தால், கூடிப்போன இடத்தில் கசக்கும். அதைவிட முக்கியம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். எனவே பொட்டாசியத்தின் அளவை மி.கி. கணக்கில் சோடியத்துக்கு அடுத்த வரியிலேயே அச்சிடக் கட்டாயமாக்குங்கள்.

கடைசியாக ஒன்று: விதி அமலாவதற்கு முந்தைய 12 மாத விற்பனை, கலவை விவரங்களை இப்போதே திரட்டத் தொடங்குங்கள். மூன்றாம் ஆண்டில் மறுஆய்வு, பலன் தெரியாவிட்டால் விதி தானாகக் காலாவதி என்ற பிரிவையும் சேருங்கள்.

இப்படிக்கு,
உணவுக் கலவை, லேபிள் ஆய்வில் பணியாற்றுவோர்