‘ஷாக் உண்டு’ என்றால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி திறக்கும் சமயத்தில் சைக்கிள் வாங்குவோருக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் கியர், பிரேக் எல்லாம் விளக்கமாக இருந்தன. பள்ளம் மேட்டின் அதிர்வைத் தாங்கும் முன்பக்க ஷாக்கை மட்டும் ‘இருந்தால் நல்லது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அந்த ஒரு வரியோடுதான் தகராறு.

நான் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் போகி, அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம், அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டர். ரயில்பெட்டியின் சக்கரத்துக்கு மேலே வெறும் சுருள் ஸ்பிரிங் மட்டும் இருக்காது. அதற்குள்ளே எண்ணெய் ஊற்றிய டேஷ்பாட்டும் இருக்கும். அடியை வாங்குவது ஸ்பிரிங், துள்ளலை அடக்குவது எண்ணெய். எண்ணெய் குறைந்துவிட்டால் பெட்டி ஆடுவது உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கே தெரிந்துவிடும். மவுண்டன் பைக்குக்கும் இதே கணக்குதான். அமெரிக்காவில் பால் டர்னர் 1989-இல் தொடங்கிய ஷாக் தயாரிப்பு நிறுவனமான ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க்கிலேயே (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் வைத்த கவை) காற்றும் எண்ணெயும் இருந்தன. அது அமுங்கியது சுமார் 2 அங்குலம்தான். இங்கே மலிவான கியர் சைக்கிளில் வருவது பெரும்பாலும் ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர்த் துண்டும். எடை மட்டும் இரண்டரை கிலோவைத் தொடும். எழுந்து நின்று மிதித்தால், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்த ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடுகிறது.

வில்லிவாக்கத்திலிருந்து அண்ணாநகருக்கு டியூஷன் போகிற பிள்ளைக்கு இது எதற்கு? மெட்ரோ பள்ளமும் வேகத்தடையும்தான் பிரச்சினை என்றால், ஷாக் இல்லாத சைக்கிளில் 2 அங்குல டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினாலே போதும். ‘ஷாக் வைத்தால்தான் பசங்க கேட்கிறாங்க சார்’ என்கிறார் கடைக்காரர். அதுவும் சரி, பசங்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

என் மகள் வயிற்றுப் பேரன் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு செங்கல்பட்டுப் பக்கம் கல்லும் மண்ணுமான பாதைகளில் போகிறவன். அவனுக்கு நல்ல ஃபோர்க் நிஜமாகவே தேவை. மாற்றலாம் என்று ஒரு பெரிய கடைக்குப் போனால், 140 மில்லிமீட்டர் அமுங்குகிற ஃபோர்க்கை எடுத்து வைத்து, ‘இதுதான் சார் டாப்’ என்றார்கள். அவனுடைய ஃபிரேமோ 100 மில்லிமீட்டருக்கு வடிவமைத்தது. இதைப் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். 20 மில்லிமீட்டர் கூடினாலே ஹேண்டில் கோணம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி சாயும். கழுத்து வெல்டிங் மீது விழும் இழுப்பும் அதிகம். நான் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து, ஃபோர்க்கின் தண்டு நுழைகிற கழுத்துக் குழாயை அளந்தேன். மேலும் கீழும் ஒரே அளவு, அதாவது ஒன்றே அரைக்கால் அங்குலத் தண்டு போகிற நேர்க்குழாய். கடைக்காரர் காட்டிய ஃபோர்க்கின் தண்டு அடியில் ஒன்றரை அங்குலமாக விரிகிறது. அது இதற்குள் நுழையவே நுழையாது. அச்சும் 15 மில்லிமீட்டர்; பழைய வீலின் ஹப்போ 9 மில்லிமீட்டர் அச்சுக்கானது. ஆக வீலையும் மாற்ற வேண்டும்! சைக்கிள் வாங்கிய விலையே அதற்கு ஆகிவிடும்.

கடைசியில் 100 மில்லிமீட்டர் காற்று ஃபோர்க், நேர்த்தண்டு, 9 மில்லிமீட்டர் அச்சு என்று தேடிப் பிடித்து, நானே ஹெட்செட்டை (கழுத்துக் குழாயின் பேரிங்) கழற்றி மாட்டினேன். காற்றடிக்க இதற்கென்று தனிப் பம்ப் உண்டு. டயர் பம்ப் சரிப்படாது. ஃபோர்க்கின் உள்குழாயில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, அவனை மெதுவாக ஏறி உட்காரச் சொல்லி, இறங்கியதும் டை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தோம். 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை நகர்ந்திருந்தால் காற்று சரி. ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை ஃபோர்க்கின் அடிக்குழாய் எண்ணெயை மாற்றச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிவிட்டு வருகிறவர்கள் அதற்கும் முன்னாலேயே மாற்றிவிடுவது நல்லது.

என்னிடம் வெர்னியர் இருந்தது, அளந்தேன். எல்லோராலும் அது முடியுமா? டி.வி. பெட்டியிலும் ஃபேன் பெட்டியிலும் விவரம் அச்சடிக்கிறார்கள். சைக்கிள் விலைச்சீட்டில் மட்டும் ‘ஃபிரன்ட் சஸ்பென்ஷன்’ என்ற இரண்டே சொல். ஸ்பிரிங்கா காற்றா, எண்ணெய் உண்டா, எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும், தண்டும் அச்சும் என்ன அளவு என்று நான்கு வரி சேர்த்தால் என்ன செலவாகிவிடும்? டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே தொடங்கப்பட்ட ஊர் இது. தயாரிப்பாளர்களிடம் இந்தக் கேள்வியை உங்கள் நிருபர் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.சி.எஃப். ஃபிட்டர்,
வில்லிவாக்கம், சென்னை – 49.