ராஜினாமா பற்றிக் கேட்டாயே

அன்பு முரளிக்கு,

புதுச்சேரி சட்டசபையில் 2016-ல் 15 இடம் பிடித்த காங்கிரஸ் 2021-ல் எப்படி 2-க்கு இறங்கியது, நம் ஊர் ஜனங்கள் அவ்வளவு மாறிவிட்டார்களா என்று போனில் கேட்டாய். அப்புறம் நீ பேசவே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜனங்கள் மாறியது பாதிதான். மீதி ஓட்டுக்கு முன்பே நடந்துவிட்டது. அந்த வருடம் ஜனவரி, பிப்ரவரியில் ஆளும் பக்கத்து எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக ராஜினாமா செய்தார்கள். கட்சி தாவினால் பதவி போகும் என்ற சட்டம் 1985-லேயே வந்தது. ராஜினாமா செய்துவிட்டுப் போகிறவரை அது என்ன செய்யும்? 30 பேர் ஜெயித்து வரும் சபையில் ஆறேழு பேர் கழன்றால் ஆட்சி நிற்குமா? எதிர்ப்பக்கத்தில் மத்திய அரசு நியமித்த 3 பேர் வேறு. பிப்ரவரி 22-ல் காங்கிரஸ் முதல்வர் நாராயணசாமி இறங்கினார்.

அப்போது தொகுதிக்குச் சுமார் 33 ஆயிரம் ஓட்டுதான். இங்கே கட்சியைவிட ஆள்தான் பெரிசு, கல்யாணம் கருமாதிக்கு வந்து நிற்கிற ஆள். அவர் போனால் ஓட்டும் கூடப் போகும். 2021-ல் சுயேச்சைகளே 6 பேர் ஜெயித்தது அதனால்தான். காங்கிரஸ் 2016-ல் 21 இடத்தில் நின்றது, 2021-ல் நின்றதே 14. 2021-ல் முதல்வரான ரங்கசாமியும் காங்கிரஸை விட்டு வந்தவர்தானே, 2011-ல் என்.ஆர். காங்கிரஸ் என்று தனிக் கட்சி தொடங்கி அந்த வருடமே 15 பிடித்தார்.

ஒன்று கவனி. காங்கிரஸில் இருந்த நமச்சிவாயம் ராஜினாமா செய்த சில நாளிலேயே பா.ஜ.க.வில் சேர்ந்தார், மண்ணாடிப்பட்டில் ஜெயித்து மந்திரியும் ஆனார். போகிறவர்கள் அடுத்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அரசியல்வாதிக்கே அந்த முன்யோசனை இருக்கிறது.

மாடிப்படிக் கைப்பிடி போட்டாயிற்று, உன் பணம்தான். தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மாதா மாதம் தவறாமல் அனுப்புகிறாய், சரி. பணம் பேசுமா? நேற்று உன் ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். புதுசாக வந்தவளாக இருக்கும். பெரிய மாமாவிடம் சொல்லவில்லை, அவர் வேறு மாதிரி யோசிப்பார்.

எதையும் பார்த்துவிட்டுச் செய். கையில் ஒன்று இருக்கும்போதுதான் இன்னொன்றைத் தேட முடியும். இதைச் சட்டசபைக்காகத்தான் சொல்கிறேன்.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம், இங்கே தேவையில்லை. பி.எஃப். கணக்கு ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் அப்பாவிடம் கேள், அவருக்கு அந்தப் படிவமெல்லாம் தெரியும்.

அம்மா
லாஸ்பேட்டை