தாள் சாயும் முன்னே

வில்பட்டி,
ஐப்பசி 12.

அன்புள்ள ருக்கு,

நலம். நீயும் பிள்ளைகளும் நலம்தானே? இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் கட்டுக்குள் இல்லை. மழை பிடித்துக்கொண்டது, மூன்று நாளாகத் துணி காயவில்லை. குசலம் இதோடு போதும்.

ஆவணியிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ அழைத்த இரண்டு முறையும் போனை எடுக்கவில்லை. சிக்னல் இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவாய், மலையில் இருப்பவர்களுக்கு அது ஒரு வசதி. ஆனால் உன் வீட்டில் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிவிட்டு அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இரண்டாவதுக்குத் தெம்பில்லை.

விஷயம் வெங்காயம். சிரிக்காதே. சிரித்தால் விடுதியில் நீ ரசத்தில் என்ன போட்டாய் என்பதை உன் மருமகளுக்கு எழுதிவிடுவேன்.

2019 கடைசியில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது வெங்காயமில்லாத சாம்பாரை இவர் முன் வைத்தேனே, அன்றே சபதம் போட்டேன், இனி என் வெங்காயம் என் மண்ணில் என்று. முதல் முயற்சி உனக்குத் தெரியும். மகள் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த விதை. தாள் முழங்கால் உயரம் வந்தது, அடியில் கிழங்கே கட்டவில்லை. அந்த ஊர் ரகத்துக்குக் கிழங்கு கட்ட ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரத்துக்கு மேல் பகல் வெளிச்சம் வேண்டுமாம். நம் பக்கத்தில் ஆனி மாதத்திலேயே பகல் பன்னிரண்டே முக்கால் மணியைத் தாண்டுவதில்லை. கொடைக்கானலின் குளிரைப் பார்த்து இதுவும் இங்கிலாந்துதான் என்று வெள்ளைக்காரன் நினைத்திருக்கலாம். வெங்காயம் ஏமாறவில்லை.

அதன் பிறகுதான் உன் மாமனார் ஐயா 12 கிலோ விதை வெங்காயம் கொடுத்தனுப்பினார். ஒவ்வொன்றும் அவர் கையால் பொறுக்கியது. ஒன்று சொத்தை இல்லை, ஒன்று இரட்டை இல்லை. தை மாதக் கடைசியில் பேரிக்காய் மரத்துக்குக் கீழே இரண்டு சென்டில் நட்டேன். ஒன்றரை அடிக்கு ஒரு பார் என்று மண்ணை வரப்பாக அணைத்து, பாரின் இரண்டு சரிவிலும் நாலு அங்குலத்துக்கு ஒன்று. கீழே வெயிலில் உங்கள் கள்ளிமந்தையத்தில் எழுபது நாளில் வருவது இங்கே நூறு நாள் எடுத்தது. ஆனாலும் எப்படி வந்தது தெரியுமா! காலையில் பனி இறங்கியிருக்கும்போது அந்தத் தாள்கள் நீலப்பச்சையாக நிற்கும். தேநீரை எடுத்துக்கொண்டு அங்கேதான் போய் உட்காருவேன். 'பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக்கூட நீ இப்படிப் பார்த்ததில்லை' என்றார் இவர்.

இங்கே ஆரம்பிக்கிறது என் புத்தி.

ஐயா போனில் மூன்று விஷயம் சொல்லியிருந்தார். 'தாள் முக்கால்வாசி தானாகச் சாயட்டும், அம்மணி. அதற்கு முன்பே தண்ணீரை நிறுத்திப் பத்து நாள் காயப்போடு. பிடுங்கிய பிறகு தாளை ஒட்ட அறுக்காதே.' எழுதியே வைத்துக்கொண்டேன், அந்தக் காகிதம் இப்போதும் நாட்காட்டிக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் மே மாதம் மகன் குடும்பத்தோடு வந்தான். பேரப்பிள்ளைகளுக்கு லீவு பத்தே நாள், அதில் ஒரு நாள் ஏரிச் சாலை நெரிசலில் காருக்குள்ளேயே போயிற்று. மிச்ச நாளில் பாட்டி வெங்காயம் பிடுங்குவதைப் பார்த்தாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு தாள்தான் சாய்ந்திருந்தது. முந்தின இரவு கோடை மழை வேறு கொட்டியிருந்தது. பிடுங்கினோம். குழந்தைகள் சேறு பூசிக்கொண்டு ஆடின, போட்டோ எடுத்தோம், உனக்கும் அனுப்பினேன். 'அருமை' என்று எழுதினாய். ஐயாவிடம் அதைக் காட்டினாயா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

87 கிலோ. நிறுத்துப் பார்த்தேன்.

இரண்டு நாள் திண்ணையில் பரப்பினேன். மூன்றாம் நாள் மேகம் இறங்கியது. இவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, சலூனில் வெட்டுவது போல ஒவ்வொன்றின் தாளையும் கிழங்கை ஒட்டி நறுக்கினார். பாதி முடிந்ததும் இடுப்பு வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டார். மீதியைத் தாளோடு அப்படியே விட்டோம். இந்தச் சோம்பலை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

எங்கே வைப்பது? எனக்குச் சந்தேகமே இல்லை. கீழறை. ஜன்னல் கிடையாது, வெயில் எட்டிப் பார்க்காது, மே மாதத்திலும் கால் சில்லிடும். ஊரில் உள்ளவர்கள் ஃப்ரிட்ஜ் வாங்குகிறார்கள், நான் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே குடியிருக்கிறேன் என்று உன்னிடமே பீற்றிக்கொண்டேனே. சாக்கில் கட்டி, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் சாத்தினேன். வரும் பொங்கல்வரை கவலையில்லை என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஆடி பிறந்ததும் வாடை வந்தது. எலி செத்திருக்கிறது என்று இவர் டார்ச் எடுத்துக்கொண்டு தேடினார். நான் சாக்குக்குள் கையை விட்டேன். மேலே எல்லாம் சிவப்பாக, நல்லபடியாகத்தான் இருந்தன. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் கழுத்தில் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது, ருக்கு. தோல் அப்படியே இருக்கிறது, உள்ளே கஞ்சி. மணிக்கட்டு வரை வழிந்தது. சில வெங்காயங்களில் மேல்தோலுக்கு அடியில் கரி பூசினது போலக் கருப்புப் பொடி. அழுகாதவை இன்னொரு வேடிக்கை செய்திருந்தன. இருட்டில், சாக்கின் கண் வழியாக வெளிறிய முளைகளை நீட்டிக்கொண்டிருந்தன. மூட்டைக்கு மீசை முளைத்தது போல.

கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு இரண்டு வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். என் மகள் வயதில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, 'குளிரில் வைத்ததுதான் தப்பு, அம்மா' என்றாள். எனக்குச் சுரீர் என்றது. வெங்காயத்தை உறைநிலைக்குப் பக்கத்தில், பூஜ்யத்திலிருந்து இரண்டு டிகிரிக்குள் வைத்தால் தூங்குமாம். இருபத்தைந்து முப்பது டிகிரிச் சூட்டில், காற்றோட்டத்தில் வைத்தாலும் தூங்குமாம். இரண்டுக்கும் நடுவே, பத்துப் பதினைந்து டிகிரியில்தான் விழித்துக்கொள்ளும். குளிர்காலம் கழிந்தது, முளைக்கலாம் என்று அதற்கு உத்தரவு போவது அந்தக் குளிரில்தானாம். என் கீழறை சரியாக அந்தச் சூடுதான்! முளைக்கவென்றே ஓர் அறை கட்டி அதில் பூட்டி வைத்திருக்கிறேன். போதாததற்கு உருளைக்கிழங்கு மூச்சுவிட்டு ஈரத்தைக் கக்கும். ஆடி மூடுபனியில் சுவரே வியர்க்கும். பச்சையாக அறுத்த கழுத்து ஆறாத புண் மாதிரி, அழுகல் அந்த வழியாக உள்ளே போகும். அவள் சொல்லச் சொல்ல, உங்கள் வீட்டு வெங்காயப் பட்டறைதான் கண் முன்னால் நின்றது. கல் அடுக்கித் தரையிலிருந்து தூக்கி, மூங்கில் பிளாச்சு பரப்பி, இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேலே தென்னங்கீற்று. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும் என்று அகலத்தைக் கூட்டவே விடமாட்டார் உன் மாமனார். அந்த வெயிலில் வெங்காயம் வெந்துபோகாதா என்று கல்யாணமான புதிதில் நீயும் நானும் அதைப் பார்த்துச் சிரித்தோம். நாற்பது வருஷம் கழித்து யார் சிரிப்பது?

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன்.

ஆடி பதினெட்டு அன்று ஐயா அழைத்தார். நீ கோயிலுக்குப் போயிருந்தாய், அவரே யாரையோ விட்டு எண்ணைப் போடச் சொல்லியிருக்கிறார். குரல் இளைத்திருந்தது. நலம் விசாரிக்கவில்லை, நேராக, 'வெங்காயம் எப்படி நிற்கிறது, அம்மணி?' என்றார். எதிரே முற்றத்தில் அழுகியதைக் கூடையில் அள்ளிக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தார் இவர். நான், 'ஒன்றுகூடக் கெடவில்லை, ஐயா. நீங்கள் சொன்னபடியே செய்தேன்' என்றேன். 'அப்படியா' என்றார். கொஞ்சம் பொறுத்து, 'மலை ஈரம் கெடுக்குமோ என்று பயந்தேன். நல்லது' என்றார். அவ்வளவுதான். அடுத்த முறை போன் வந்தது ஆவணியில், உன் மகனிடமிருந்து.

ஐயாவை எடுப்பதற்கு நான் வரவில்லை. அன்று இவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, அது உனக்குத் தெரியும். பதினாறாம் நாளுக்கு ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. இவருக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அது முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியிருந்தால் வந்திருப்பேன். உன் வீட்டு வாசலில் அந்தப் பட்டறையைப் பார்க்க வேண்டுமே என்றுதான் வரவில்லை. தொண்ணூறு வயது மனிதருக்கு இரண்டு சாக்கு வெங்காயம் பெரிய துக்கமா என்று இவர் கேட்கிறார். இல்லைதான். உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், திட்டி முடித்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருப்பார். அரை மணி நேரம் பேசியிருப்பார். அந்த அரை மணி நேரத்தை நான் கெடுத்துவிட்டேன்.

சரி. மூக்கைச் சிந்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மிச்சத்தைக் காப்பாற்றியது கீழ்வீட்டு அக்கா. பூண்டு போடுகிற குடும்பம். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அக்காவின் நடையே மாறிவிட்டது. பூண்டைத் தாளோடு பிடி பிடியாக முடிந்து, விறகடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிடுகிறார்கள், புகை ஏறி ஏறி வருஷக் கணக்கில் நிற்கிறது. முப்பது வருஷமாக அந்த வீட்டில் காபி குடிக்கிறேன், தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்ததில்லை. சாக்கைத் திறந்து காட்டியதும் அக்கா, 'தாளை அறுத்த மகராசன் யார்?' என்று கேட்டாள். மகராசன் பின்பக்கமாக நழுவிவிட்டார். ஆனால் அவர் அறுக்காமல் விட்ட பாதி இருந்ததே, அதில் 26 கிலோ தேறியது. தாள் அதற்குள் தானாகக் காய்ந்து, கழுத்து மூடிச் சுருங்கியிருந்தது. அறுத்த பாதியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதை அவரிடம் சொல்லாதே, இடுப்பு வலிக்குக் கோயில் கட்டச் சொல்வார்.

இருபது இருபதாகத் தாளைப் பின்னி, வெந்நீர் அடுப்புக்கு மேலே கம்பில் தொங்கவிட்டோம். தினம் காலையில் இரண்டு மணி நேரம் விறகு எரியும். மலைமேல் உன் கள்ளிமந்தையம் இருப்பது அந்த ஒரு மூலையில்தான். இரண்டு மாதம் தாண்டிவிட்டது, மூன்று கிலோதான் கழித்தேன், அதிலும் பாதி சமையலுக்குப் போனது. கையால் தட்டினால் தோல் சலசலக்கிறது. அந்தச் சத்தம் கேட்கிறதா என்று தினமும் ஒரு சரத்தையாவது தட்டிப் பார்க்கிறேன்.

மகன் பழைய பாட்டையே பாடுகிறான். 'இரண்டு பேருக்கு எதற்கம்மா 87 கிலோ? கீழே வந்துவிடுங்கள்.' முதல் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. மாதத்துக்கு நாலு கிலோகூட எங்களுக்குச் செலவாகாது. பதினோரு பேர் சாப்பிடுகிற வீட்டில் அம்மா எவ்வளவு சேர்த்து வைத்தாளோ அதே கணக்கில் நான் நட்டிருக்கிறேன். இரண்டாவதைப் பற்றி இன்னொரு கடிதத்தில் சண்டை போடலாம்.

இந்த வாரம் கீழே வரும் பால்காரர் மகனிடம் ஒரு சரம் கொடுத்தனுப்புகிறேன், ஒட்டன்சத்திரத்தில் வாங்கிக்கொள். புகை வாடை அடிக்கும், கழுவிவிடாதே, அப்படியே தொங்கவிடு. ஒன்றிரண்டை ஐயா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நடந்ததைச் சொல்லிவிடு. உன் வாயால் சொன்னால் திட்டு கொஞ்சம் குறையும்.

பதிலில் எனக்கு ஒன்று வேண்டும். பட்டறையின் அகலம் எத்தனை அடி, தரையிலிருந்து உயரம் எத்தனை, நாடாவை வைத்து அளந்து எழுது. உன் மகன் அதைப் பிரித்துவிடுவதற்கு முன் அள. தையில் மறுபடி நடப்போகிறேன், இந்த முறை ஒரே ஒரு சென்ட். பேரப்பிள்ளைகள் வந்தாலும் சரி, தாள் சாயும்வரை கை வைக்க மாட்டேன்.

இவர் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். கத்தரிக்கோல் என் பீரோவில் பூட்டியிருக்கிறது.

உன்,
வேதா